கண்ணில் குடியிருந்தது

ஆயர் ஈத்தாம்,
25 நவம்பர் 2024

பிரஷாந்தி அக்காவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும் அறையில், இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன். போன் திரையைப் பார்த்தால் வலது கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. எனக்கு வரும் மெசேஜையெல்லாம் அம்மாதான் வாசித்துச் சொல்கிறார். யாராவது கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அம்மா காதில் விழக் கூடாததை உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தத் தபால் வேலை. பதிலைக் கீழ்மாடி ஜெயலெட்சுமி அக்கா விலாசத்துக்குப் போடு. அவர் அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்து கொடுப்பார்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் வராது. போன வாரம் கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தாய். வார்டுக்குள் வந்தவள் என் முகத்தையாவது பார்த்தாயா? நேரே டாக்டர் சந்திரசேகரனிடம் போய், "டாக்டர், ஸ்கிரேப்பிங் எடுத்தீங்களா? எங்க லேப்புக்குக் கொஞ்சம் தர முடியுமா?" என்று கேட்டாய். என் கருவிழியிலிருந்து சுரண்டி எடுத்ததைத்தான் கேட்டாய். அமீபாவுக்குள் வாழும் பாக்டீரியாவைப் பற்றித்தான் உன் ஆராய்ச்சி என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் சோறு தின்னும்போதுகூட அதைத்தான் பேசுவாய். ஆனால் அன்று உன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அக்கா. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. உன் லேப்புக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எடுத்துக்கொள். ஆனால் இனி இங்கே வராதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி சமயத்தில் கண் சிவந்தது. கிளினிக்கில் வைரஸ் என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதைப் போடப் போட மோசமானது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் அமீபா என்றார்கள், ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். இப்போது மணிக்கு ஒரு தடவை சொட்டு. நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்யும் மருந்தின் தம்பியாம் அது, டாக்டரே சொன்னார்.

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் சிப்பைப் பார்த்து, பழுதானதைக் கழிக்கும் வேலை. கண்ணாடி போட்டால் மைக்ராஸ்கோப்பில் இடிக்கிறதே என்றுதான் லென்ஸ் போட்டேன். டாக்டரிடம் கேட்டால் "பார்ப்போம்லா" என்கிறார். நீ சொல்லு. என் கண் பிழைக்குமா? பொய் சொல்லாதே.

நிரோஷா

*

கோலாலம்பூர்,
30 நவம்பர் 2024

அன்புள்ள நிரோ,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன், கஷ்டப்படாமல் வாசி.

உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் நான் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். அப்பா போன அன்றும் நர்ஸிடம் மருந்தின் அளவை விசாரித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அதைச் சந்தோஷம் என்று நீ நினைத்திருந்தால் உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

பொய் சொல்லாமல் சொல்கிறேன். பிழைக்கவும் கூடும், போகவும் கூடும். மருந்தை ஒரு தடவைகூட விடக் கூடாது. உன் கண்ணிலிருந்து எடுத்தது இங்கே லேப்பில், வளர்ப்புத் தட்டில் நன்றாக வளர்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்ல முடியும்.

இந்த அமீபா யாரையும் அண்டிப் பிழைப்பதில்லை. மண், குழாய், தொட்டி என்று ஈரம் உள்ள இடமெல்லாம் தானாக வாழும். பாக்டீரியாவைப் பிடித்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. காய்ந்தாலோ மருந்து பட்டாலோ ஓடு கட்டிக்கொண்டு உறங்கும், பிறகு எழும். ஆனால் சில பாக்டீரியா விழுங்கப்பட்ட பிறகும் சாவதில்லை. உள்ளேயே தங்கிப் பெருகும். வீட்டுக்குள் புகுந்த வாடகைக்காரன் மாதிரி. சில வாடகைக்காரர்கள் வீட்டுக்காரனைக் கொன்றுவிட்டு வெளியேறுவார்கள். சிலர் அவனோடு ஒத்துப்போய், அவனை முன்னைவிட முரடனாக்கிவிடுவார்கள். உன்னுடைய அமீபாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உள்ளே குச்சி குச்சியாக நிறைய இருக்கின்றன. இந்த வகையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அவை உள்ளே இருப்பதால்தான் உன் மருந்து இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். மூல இடம் தெரியாவிட்டால் திரும்பவும் கண்ணுக்குள் போகலாம். லென்ஸ் டப்பா, குழாய்த் தண்ணீர், வாசலில் வைத்திருக்கும் ஃபில்டர் தண்ணீர் என்று உன் கண்ணைத் தொட்டிருக்கக் கூடியதெல்லாம் வேண்டும். யோசித்துப் பார்த்து அனுப்பு.

நீ வராதே என்றதால் வரவில்லை. வரலாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

அக்கா

*

ஆயர் ஈத்தாம்,
8 டிசம்பர் 2024

அக்கா,

என்னுடன் வேலை பார்க்கும் யுகேந்திரன் வேலை விஷயமாகத் தன் காடியை ஓட்டிக்கொண்டு கோலாலம்பூர் வருகிறான். அவனிடம் பை கொடுத்தனுப்புகிறேன். லென்ஸ் டப்பா இருக்கிறது. குழாய்த் தண்ணீர், ஃபில்டர் தண்ணீர் இரண்டும் தனித்தனி பாட்டிலில். நாலாவதாக ஒரு சின்ன மருந்துப் புட்டி இருக்கும். அதைப் பற்றி எழுதவே கை வரவில்லை.

நவராத்திரிக்கு அம்மா கும்பம் வைத்தார், எப்போதும் போல. பித்தளைச் செம்பில் தண்ணீர், ஏலக்காய், கிராம்பு, ஒரு வெள்ளிக் காசு, மேலே மாவிலையும் தேங்காயும். விஜயதசமியன்று கும்பத்தைக் கலைத்து வீடு முழுக்கத் தெளித்தார். பிறகு என் உள்ளங்கையில் ஊற்றினார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வருஷா வருஷம் செய்வதுதானே. வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன். லென்ஸ் உள்ளேயே இருந்தது. அது நினைவே வரவில்லை.

மிச்சத் தண்ணீரை அம்மா பாட்டிலில் ஊற்றி சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் அதில் திருநீறு குழைத்து என் நெற்றியிலும் கண் இமையிலும் பூசுகிறார். "என்ர பிள்ளையின்ர கண்ணைத் தா தாயே" என்று காதருகே முணுமுணுத்துக்கொண்டே பூசுகிறார். நான் இமையை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருப்பேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஒன்றைத்தான் அவரால் எனக்குச் செய்ய முடிகிறது. சொட்டு மருந்துக்காக அவர் தூங்கியே நாளாகிவிட்டது. சமையலறையில் நின்றபடியே கண் சொருகிப் போகிறார்.

அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது அந்தப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். அதுதான் சின்னப் புட்டி. அதில் ஏதாவது இருந்தால் எனக்கு எழுது, பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. உயிர் போனாலும் தெரியக் கூடாது. இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

போன தடவை கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். வலி அப்படி.

நிரோ

*

கோலாலம்பூர்,
20 டிசம்பர் 2024

நிரோ,

எப்படி எழுதினாலும் ஒன்றுதான், அதனால் நேரே எழுதிவிடுகிறேன். குழாய்த் தண்ணீரில் ஒன்றுமில்லை. ஃபில்டரிலும் லென்ஸ் டப்பாவிலும் அமீபா இருக்கிறது, ஆனால் வேறு வகை, உள்ளே எதுவும் இல்லாதது. சின்னப் புட்டியில் இருப்பது உன் கண்ணில் இருப்பதேதான். அதே குச்சிகளோடு.

கும்பத்தின்மேலும் தப்பில்லை, அம்மாமேலும் தப்பில்லை. ஃபில்டர் தண்ணீரில் குளோரின் இருப்பதில்லை. அதைத்தான் சுத்தம் என்று நம்பி அம்மா செம்பில் நிரப்பியிருப்பார். மாவிலையிலிருந்தோ செம்பின் விளிம்பிலிருந்தோ இது வந்திருக்கும். நவராத்திரி முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீரில் பெருகியிருக்கும். அதைக் குடித்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டதுதான் வினை.

ஆனால் அந்தப் பாட்டில் இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது. அதை வெள்ளிக்கிழமைதோறும் புண்ணான கண்மேல் பூசுகிறார். நிரோ, இதை நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தள்ளிப்போட முடியாது. நீ ஏதாவது செய்து நிறுத்திவிட்டு எனக்குத் தெரியப்படுத்து. ஜெயலெட்சுமி அக்காவை விட்டு ஒரு வார்த்தை போன் பண்ணச் சொன்னால் போதும். உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் நானே அம்மாவிடம் பேச வேண்டியிருக்கும். கேட்டதை மீறுகிறேன் என்று தெரியும். எனக்கு உன் கண்தான் முதலில்.

அக்கா

*

ஆயர் ஈத்தாம்,
30 டிசம்பர் 2024

பிரஷாந்திக்கு,

பேசிவிட்டாய். திருப்திதானே?

உன் கடிதம் என் கைக்கு வந்த அன்றே அம்மா குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்தேன். கொதிக்க வைத்த தண்ணீரால் பாட்டிலை அலசினேன், ஆற வைத்த தண்ணீரை அதே அளவு ஊற்றி, ஒரு ஏலக்காயையும் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒற்றைக் கண்ணோடு, சுவரைத் தடவிக்கொண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என் கண்ணில் பூசியது வெறும் ஆறிய தண்ணீர். அம்மாவும் நிம்மதியாக இருந்தார், நானும் நிம்மதியாக இருந்தேன். ஜெயலெட்சுமி அக்கா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அன்றே கிறிஸ்துமஸ் லீவில் ஈப்போவுக்குப் போய்விட்டார். அவர் வந்ததும் உனக்குச் சொல்லச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ அம்மாவைக் கூப்பிட்டாய்.

ஸ்பீக்கரில்தான் இருந்தது. முழுவதையும் கேட்டேன். "அம்மா, அந்தக் கும்பத் தண்ணிலதான் இருந்திருக்கு, இனி பூசாதீங்க." அம்மா போனை வைத்தார். பாட்டிலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, செம்பைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டார். சாமி அலமாரியைச் சாத்தினார். அன்றிலிருந்து விளக்கு ஏற்றவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து "என்ர கையாலயே, என்ர கையாலயே" என்கிறார், அதைத் தவிரப் பேச்சில்லை. இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சந்திரசேகரனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர கண்ணை எடுத்து இவளுக்கு வையுங்கோ டாக்டர், எனக்கு வயசாச்சு" என்று அழுதார். வெளியே காத்திருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். சொட்டு மருந்தைக்கூட இப்போது போட மாட்டேன் என்கிறார். என் கண்ணைத் தொட அவருக்குப் பயமாக இருக்கிறது. நான்தான் கண்ணாடி பார்த்துப் போட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் வழிகிறது.

ஒரு பொய் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? பாட்டில் உடைந்துவிட்டது, எறும்பு விழுந்துவிட்டது என்று ஏதாவது சொல்லியிருக்கலாமே. உன் பரிசோதனை முடிவு சரியாக வந்ததை யாரிடமாவது சொல்லாமல் உன்னால் இருக்க முடியாது.

என் கண்ணிலிருந்து எடுத்ததை இனி நீ வைத்துக்கொள்ளக் கூடாது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிடு. அது என்னைத் தின்கிறது, நீ அதற்குத் தீனி போட்டு வளர்க்கிறாய். எனக்கு எழுதாதே.

நிரோஷா

*

கோலாலம்பூர்,
8 ஜனவரி 2025

நிரோ,

நீ வாசிப்பாயோ மாட்டாயோ, எழுதுகிறேன்.

நீ தண்ணீரை மாற்றி வைத்தது எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது, அடுத்ததும் வந்துவிடுமே என்று பயந்தேன். உன் போனுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் அம்மாதான் எடுத்தார். ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம்தான். அந்த நேரத்தில் தோன்றவில்லை. உண்மையைத் தவிர வேறெதுவும் சட்டென்று வராத மண்டை எனக்கு. இப்போது குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, சொல்லியிருக்கக் கூடிய பொய்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.

நீ எழுதிக் கொடுத்தது எங்கள் லேப்புக்கு வந்துவிட்டது. கொடுத்தவர் வேண்டாம் என்றால் அழித்துத்தான் ஆக வேண்டும், அதுதான் விதி. பேராசிரியரிடம் கெஞ்சி இந்த மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீயே மறுபடியும் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

ஏன் கெஞ்சுகிறேன் என்று கேள். அமீபாவை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வாடகைக்காரனை மட்டும் கொல்லும் மருந்து ஒன்றைத் தட்டில் போட்டுப் பார்த்தேன். குச்சிகள் மறைந்தன. அதற்குப் பிறகு அமீபாவே தளர்ந்துபோய்விட்டது. தின்னவில்லை, ஓடு கட்டவும் தெம்பில்லை. உன்னுடைய அதே சொட்டு மருந்தைக் கொஞ்சம் விட்டதும் செத்துப்போயிற்று. அவ்வளவு காலம் அவனை உள்ளேயே வைத்திருந்து, அவன் இல்லாமல் வாழ இதற்குத் தெரியவில்லை. ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்று கண்டுபிடிக்காமல் எந்த டாக்டரும் கண்ணில் விட மாட்டார். அதற்கு உயிரோடு இருக்கும் இந்த அமீபா வேண்டும்.

எனக்குப் பட்டம் வேண்டாம், கட்டுரை வேண்டாம். உன் கண்ணுக்காகக் கேட்கிறேன். வாசித்திருந்தால், சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா

*

கோலாலம்பூர்,
31 ஜனவரி 2025

நிரோ,

ஒரு வார்த்தை வரும் என்று தினமும் தபால்பெட்டியைப் பார்த்தேன்.

போன வாரம் அம்மா போன் பண்ணி, கருவிழி ஓட்டையாகிவிட்டது, கண்ணையே எடுக்கப் போகிறார்கள் என்றார். கிளம்பி வந்தேன். வார்டு வாசலில் நின்றேன். நீ தலையில் கட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அம்மா என் கையைப் பிடித்து லிஃப்ட் வரை கூட்டிக்கொண்டு போய், "இப்ப போ பிள்ளை, பிறகு வா" என்றார். கையெழுத்தைப் பற்றி உன்னிடம் கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை. கண்ணை எடுத்துவிட்டுப் படுத்திருப்பவளிடம் அதை எப்படிக் கேட்பேன்? மறுபடியும் அதே ஆளாக உன் கட்டிலருகே நிற்க என்னால் முடியாது.

இன்று மாதம் முடிகிறது. நீ சொன்னபடி செய்துவிட்டேன். தட்டில் இருந்தவை, உறைபெட்டியில் இருந்தவை, மூல இடத்தைத் தேட வைத்திருந்த அந்தச் சின்னப் புட்டி என்று எல்லாவற்றையும் எடுத்து, கிருமிகளைக் கொல்லும் நீராவிக் கொப்பரையில் போட்டேன். லேப் உதவியாளர் ஹபீப் முகம்மது "நான் பண்றேன் அக்கா" என்றார். விடவில்லை. நானே மூடி, நானே திருகினேன். முடிந்ததும் கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். என் தங்கச்சியின் கண்ணைத் தின்றதை நானும் வெறுக்கிறேன், நிரோ. இதை உனக்குச் சொல்ல எனக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை.

இனி அதில் ஒரு துளிகூட என் கையில் இல்லை. என்னை மன்னிக்க வேண்டாம். இதை மட்டும் நம்பு.

அக்கா

*

ஆயர் ஈத்தாம்,
2 பிப்ரவரி 2025

அக்கா,

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், தெரியும். நீ போன பிறகு அழுதேன். கண் இல்லாத குழியிலும் தண்ணீர் வருகிறது, அது உனக்குத் தெரியுமா?

ஜனவரி எட்டாம் தேதி நீ எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் ஜெயலெட்சுமி அக்காவிடமே வைத்திருக்கச் சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. நேற்றுத்தான் கொண்டுவரச் சொன்னேன். அவரே வாசித்துக் காட்டினார். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். சீனப் புத்தாண்டுப் பட்டாசு கீழே வெடித்துக்கொண்டேயிருந்தது, அவர் கத்திக் கத்தி வாசித்தார்.

நேற்று ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் நூர் ஃபாத்திஹா என்று ஒரு பெண். இருபத்திரண்டு வயது, டீச்சர் பயிற்சியில் இருக்கிறாள், செபராங் ஜெயாக்காரி. அவளுக்கும் இதேதான். டாக்டர் சந்திரசேகரன் சுரண்டிப் பார்த்ததில் அதே குச்சிகள் தெரிந்ததாம். ஆனால் அவளுடையது தட்டில் வளரவில்லை, முன்னாலேயே நிறைய மருந்து விட்டதால் என்றார். என்னை வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர், "உங்க அக்கா எதையோ கண்டுபுடிச்சாங்களாமே, அந்த அமீபா இருந்தா இந்தப் பிள்ளைக்கு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கமே வரவில்லை. அவள் ராத்திரி முழுக்க "சகிட், கக், சகிட்", வலிக்கிறது அக்கா, வலிக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வலியில் புலம்பியது காதிலேயே இருந்தது. எனக்கு வந்த அதே வலி. நான் பட்டதை அவள் ஏன் பட வேண்டும்?

அதனால் அதை அழிக்காமல் வைத்துக்கொள், அக்கா. என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மறுபடியும் கையெழுத்துப் போட்ட பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். லீவு முடிந்து டாக்டர் நாளை திங்கட்கிழமைதான் வருவார், வந்ததும் உங்கள் லேப்புக்குப் பேசச் சொல்கிறேன். நீ பேராசிரியரிடம் கெஞ்சி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். நீ எதையும் தூக்கிப் போடுகிறவளா? ஸ்கூலில் உடைந்த பென்சிலைக்கூட டப்பாவில் சேர்த்து வைத்தவள் நீ. உன்னை அதற்காகவே திட்டியிருக்கிறேன், இப்போது அதற்காகவே கும்பிடுகிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கண்ணில் இருந்ததை வைத்தே அந்தப் பெண்ணின் கண்ணைக் காப்பாற்றலாம் என்று. அம்மா, "மெய்யாவா? அந்தப் பிள்ளைக்குச் சரியாகுமா?" என்று கேட்டார். ஆகும் என்றேன். எழுந்துபோய்ச் சாமி அலமாரியைத் திறந்து விளக்கு ஏற்றினார். இத்தனை நாளுக்குப் பிறகு அக்கா, நேற்று ராத்திரிதான் ஏற்றினார். ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சோறு தின்றார். அம்மாவுக்குத் தன் கை கெட்ட கை இல்லை என்று நம்ப ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதை நீ கெட்டியாகப் பிடித்துக்கொள்.

இன்று காலை அம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். ஃபாத்திஹாவின் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மலாயில் என்னென்னவோ பேசினார்கள். நான் உள்ளே போய் ஃபாத்திஹாவிடம் சொல்லிவிட்டேன், பயப்படாதே, அது என் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது என்று.

நிரோ